திருகோணமலைக்குப் படிக்க வருகிறீர்களா? சிறுதொழில் செய்பவர்களோடு ஒரு பருவம் வேலை செய்வது எப்படி

கனடா, பிரித்தானியா, நோர்வே, தமிழ்நாடு என்று பல இடங்களிலிருந்து மாணவர்கள் ஒரு பருவப் படிப்புக்கோ களப்பயிற்சிக்கோ இலங்கையின் திருகோணமலைக்கு (ஊரில் 'திருமலை') வருகிறார்கள். படிப்போடு சேர்த்து, இங்கே கருவாடு போடுபவர்கள், தயிர் விற்பவர்கள், அரிசி மா இடித்து விற்பவர்கள், தையல்காரர்கள், இரண்டு அறை வைத்து விருந்தினர் விடுதி நடத்துபவர்கள் ஆகியோருக்குத் துணையாக இருக்க வேண்டும் என்பது அவர்களின் விருப்பம். நல்ல விருப்பம். ஆனால் அந்த மனிதர்கள் உங்களுக்கென்று ஒதுக்கும் ஒவ்வொரு மணிநேரமும் அவர்களின் உழைப்பு நேரம். அது வீணாகாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதை வரிசையாகச் சொல்கிறோம்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு விதி உண்டு. நீங்கள் விமானம் ஏறிய மறுநாளும் அவர் தனியாகச் செய்யக்கூடிய காரியத்தை மட்டும் தொடங்குங்கள். கீழே உள்ளவை பெரும்பாலும் இந்த விதியிலிருந்து வருபவைதான்.

புறப்படுமுன்: விசாவும் கடிதமும்

சுற்றுலா விசாவில் வந்து வேலை பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். இலங்கையின் சுற்றுலா விசா சம்பளத்துடனோ சம்பளமில்லாமலோ எந்த வேலையையும் அனுமதிப்பதில்லை. "நான் சும்மாதானே உதவி செய்கிறேன்" என்ற பதில் குடிவரவு அதிகாரியிடம் செல்லாது. உங்களோடு வேலை செய்த ஊர்ச் சங்கத்தாரையும் வீணாக விசாரணைக்கு இழுத்துவிடும். படிப்புக்கென்று வருபவர் இங்குள்ள பல்கலைக்கழகத்தின் பரிந்துரையோடு நுழைவு விசா எடுத்து, வந்தபின் வதிவிட விசாவாக மாற்ற வேண்டும். அதற்கான குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தலைமை அலுவலகம் பத்தரமுல்லையில் இருக்கிறது. பெற்றோர் இலங்கையில் பிறந்தவர்கள் என்பது மட்டும் விசாவுக்குப் பதிலாகாது. இரட்டைக் குடியுரிமை இருந்தாலோ, உங்கள் பிறப்பைத் தூதரகத்தில் பதிந்து வம்சாவழிக் குடியுரிமை எடுத்திருந்தாலோ இந்த அலைச்சல் இல்லை. வீட்டில் அந்தப் பத்திரம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

இங்கே இயல்பான கல்வித் துணை, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம். நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் இருக்கிறது. ஊரில் எல்லோரும் 'கெம்பஸ்' என்பார்கள். தொடர்பாடல் வணிகக் கற்கைகள் பீடம் உங்கள் வேலைக்கு நெருக்கமானது. பயணத்துக்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பே எழுதத் தொடங்குங்கள். கடிதத்தில் நான்கு விடயம் தெளிவாக இருக்கட்டும்: எத்தனை கிழமை (இங்கே கிழமை என்றால் வாரம்), வாரத்துக்கு எத்தனை மணிநேரம், உங்கள் பல்கலைக்கழகத்தில் யார் மேற்பார்வை, மக்களிடம் சேகரிக்கும் தகவலை என்ன செய்வீர்கள். ஆய்வு என்றால் ஆய்வுநெறி அனுமதியை உங்கள் நாட்டிலேயே முடித்துக்கொண்டு வாருங்கள். இங்கு வந்தபின் அதற்காகக் காத்திருந்தால் பாதிப் பருவம் போய்விடும். இலங்கைப் பல்கலைக்கழகங்களின் நாட்காட்டி அடிக்கடி தள்ளிப்போகும். ஆகவே மதிப்பெண் தரும் பாடங்களை இங்குள்ள பரீட்சைத் திகதியோடு கட்டாமல், உங்கள் மேற்பார்வையாளரே மதிப்பிடும் களஅறிக்கையோடு கட்டுங்கள்.

எந்த மாதம் வருவது

திருமலையின் தொழில் காற்றோடு போகிறது. ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வாடைமழை. கடல் கொந்தளிக்கும், சிறு படகுகள் கரையில் கிடக்கும், கருவாடு காயாது, நிலாவெளி உப்புவெளி விடுதிகள் வெறிச்சோடிக் கிடக்கும். மே தொடங்கி செப்டெம்பர் வரை கச்சான் காற்று. வறண்டு வீசும், கடல் அடங்கியிருக்கும், சுற்றுலாக்காரர் புறாத் தீவுக்குப் போக வரிசையில் நிற்பார்கள். (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: கடையில் 'கச்சான்' என்றால் நிலக்கடலை.)

ஆகவே பெப்ரவரி நடுவில் வந்து ஓகஸ்டில் போவது நல்ல கணக்கு. காய்ந்த பருவம் தொடங்குமுன் ஆட்களை அறிந்துகொள்ளலாம். வியாபாரம் சூடாக இருக்கும்போது எண்களும் கிடைக்கும். நான்கு மாதம்தான் முடியும் என்றால் ஏப்ரல் கடைசி முதல் ஓகஸ்ட் வரை. நவம்பரில் வந்தால் மனிதர்களின் பொறுமையை மட்டும்தான் பார்ப்பீர்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு கிழமை எந்த வேலையும் நடக்காது. நோன்பு மாதம் ஆண்டுதோறும் முன்னே நகர்கிறது. அந்த மாதத்தில் கிண்ணியா, மூதூர்ப் பக்கம் பிற்பகல் சந்திப்பு வைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை மதியம் 12 முதல் 2 வரை எப்போதுமே வேண்டாம்.

தங்குவதும் நடமாடுவதும்

கொழும்பிலிருந்து ஏறக்குறைய 260 கிலோமீற்றர். குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக பஸ்ஸில் ஆறேழு மணிநேரம். உப்புவெளியில் அறை தேடாதீர்கள், அங்கே சுற்றுலா விலை. உவர்மலை, பாலையூற்று, லிங்கநகர்ப் பக்கம் குடும்பங்கள் போர்டிங் கொடுக்கின்றன. மூன்று மாத முற்பணம் கேட்பது வழமை. பணம் கொடுக்குமுன் கிணற்றுத் தண்ணீரை ஒரு மிடறு குடித்துப் பாருங்கள், கடற்கரை ஓரத்தில் உவர்ப்பாக இருக்கும். ஒரு பழைய சைக்கிள் வாங்குங்கள். காலை 10 முதல் மாலை 3 வரை வெயிலில் நடக்கும் திட்டம் போடாதீர்கள். மூதூருக்கு உட்துறைமுகத்திலிருந்து லோஞ்ச் (இயந்திரப் படகு) ஓடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள், தரைவழி என்றால் 2009இல் திறந்த கிண்ணியாப் பாலத்தால் போகவேண்டும்.

பிரட்றிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, கப்பல்தளப் பக்கம் கடற்படை. கோணேஸ்வரம் போகும் வழியில் காவலரணைப் படம் எடுக்காதீர்கள். ட்ரோனைப் பெட்டியில் வைத்துக்கொண்டுகூட வராதீர்கள். அதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும்.

முதல் சந்திப்புகள்

2004 சுனாமிக்குப் பிறகும் போர் முடிந்த பிறகும் இந்தக் கரைக்கு எத்தனையோ அமைப்புகள் வந்து போயின. கோப்பும் பேனாவுமாக ஒருவர் வாசலில் நின்றால் 'என்.ஜீ.ஓ. வந்திருக்கு' என்றுதான் நினைப்பார்கள். உடனே தேவைப் பட்டியல் வரும்: தையல் மெசின், வலை, கோழிக்கூடு. அதில் அவர்கள் பிழை ஒன்றுமில்லை. கேட்டவர்களுக்குத்தான் கிடைத்தது என்பதைப் பார்த்துப் பழகியவர்கள். ஆகவே முதல் வாக்கியத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: "நான் கெம்பசோட சேர்ந்து படிக்கிறன் அக்கா. நாலு மாசம் இருப்பன். காசு, சாமான் குடுக்கிற ஆள் இல்ல. உங்கட தொழில் கணக்க உங்களோட இருந்து பார்க்கலாமா?" இதைக் கேட்டுச் சிலர் ஒதுங்குவார்கள். மிஞ்சுபவர்கள்தான் உங்கள் ஆட்கள்.

வாசலுக்குப் போகுமுன் போகவேண்டிய இடங்கள், இந்த ஒழுங்கில்:

1. பிரதேச செயலகம். ஊரில் 'டீ.எஸ். ஒபிஸ்' என்பார்கள். நகரப் பகுதிக்கு 'பட்டணமும் சூழலும்' என்று பெயர். குச்சவெளி, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், வெருகல் என்று மற்றவையும் உண்டு. சிறுதொழிலுக்குப் பொறுப்பான அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேளுங்கள். அதிகாரியை 'சேர்', 'மிஸ்' என்றே கூப்பிடுவது வழக்கம். சிறுதொழிலுக்குத் தொழில்நுட்ப உதவி தரும் அரசின் விதாதா வள நிலையத்தில் யார் இருக்கிறார்கள் என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.
2. அந்தக் கிராமத்தின் கிராம உத்தியோகத்தர், அதாவது ஜீ.எஸ். உங்கள் கடிதத்தின் பிரதி ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டால், யாராவது "இந்தப் பிள்ளை யார்?" என்று கேட்கும்போது பதில் அவரிடம் இருக்கும்.
3. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்து கேளுங்கள். முதல் கூட்டத்தில் பேசவேண்டாம்.

முறைசொல்லிக் கூப்பிடுவதில் கவனம் தேவை. தமிழ்ப் பகுதியில் அக்கா, அண்ணா, அம்மா, ஐயா. கிண்ணியா, மூதூரில் மூத்த ஆணை நானா அல்லது காக்கா, மூத்த பெண்ணை ராத்தா அல்லது தாத்தா. அங்கே தாத்தா என்றால் அக்கா. தமிழ்நாட்டிலிருந்து வருபவர் இதைக் கேட்டு முழிப்பதுண்டு. தேநீர் தந்தால் குடியுங்கள். போர்க்காலத்தைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். சம்பூர் போன்ற ஊர்களில் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்து வருடக்கணக்கில் வெளியே இருந்து திரும்பியவர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், குறிப்பெடுக்காதீர்கள்.

எத்தனை பேரோடு

இரண்டு பேர் போதும். மூன்றாவது ஆளைச் சேர்த்தால் மூவரில் எவருக்கும் நேரம் போதாது. தெரிவு செய்யும்போது பாருங்கள்: குறைந்தது ஒரு வருடமாகத் தொழில் நடக்கிறதா, வீட்டில் வேறு ஒருவராவது கைகொடுக்கிறாரா, உங்கள் தங்குமிடத்திலிருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரமா. புதிதாகத் தொழில் தொடங்க நினைப்பவரை எடுக்காதீர்கள். நான்கு மாதத்தில் ஒன்றைத் தொடங்கிவைத்துவிட்டு, முதல் நட்டம் வரும் நேரத்தில் நீங்கள் போய்விடுவீர்கள். அது அவரைக் கடனோடு விட்டுச்செல்வது.

முதல் மூன்று கிழமை: எண்ணுவது மட்டும்

ஆலோசனை சொல்ல நாக்கு துடிக்கும். அடக்குங்கள். ஒரு 80 பக்கக் கொப்பி, ஒரு பேனை, ஒரு கல்குலேட்டர். மடிக்கணினி வீட்டிலேயே இருக்கட்டும். அவர் கையால் எழுதும் கொப்பியே கடைசியில் அவரிடம் மிஞ்சும்.

கொப்பியில் மூன்று பகுதி. முதல் பகுதி வந்த காசு, இரண்டாம் பகுதி போன காசு, மூன்றாம் பகுதி கடனுக்குக் கொடுத்தது. பெரும்பாலான வீடுகளில் மூன்றாவதுக்கு மட்டும் ஏற்கெனவே ஒரு கடன் கொப்பி இருக்கும். மற்ற இரண்டும் மனக்கணக்கு. எழுதுவது அவர், பக்கத்தில் இருப்பது நீங்கள். எழுத்து வராதவர் என்றால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதும். அப்படியானால் அந்தப் பிள்ளைதான் உங்கள் மாணவர்.

வீட்டுக் காசும் தொழில் காசும் கலப்பதுதான் மிகப் பொதுவான சிக்கல். இதற்கு இரண்டு பால்மா பேணி (தகர டப்பா) போதும். ஒன்றில் தொழில், மற்றதில் வீடு. தொழில் பேணியிலிருந்து வீட்டுக்கு எடுத்தால் எடுத்த தொகையை ஒரு துண்டில் எழுதி அதே பேணிக்குள் போட வேண்டும். எடுக்கவே கூடாது என்று சொல்லாதீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எடுக்கத்தான் வேண்டும். எடுத்தது தெரிந்தால் போதும். சனிக்கிழமை இரவு துண்டுகளைக் கூட்டிப் பார்க்கும்போது அவர் முகத்தில் ஒரு மாற்றம் தெரியும். அதற்கு முன் எந்தப் பாடமும் நடத்தவேண்டாம்.

கருவாட்டுக் கணக்கு

இதை விரிவாகச் சொல்கிறோம். எந்தத் தொழிலானாலும் இதே முறைதான். கீழே உள்ள விலைகள் உதாரணத்துக்கு. அன்றைய விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒருவர் கரைவலைச் சம்மாட்டியிடம் (வலையின் உரிமையாளரிடம்) 30 கிலோ மீன் வாங்குகிறார், கிலோ 600 ரூபாய். அது 18,000. உப்பு 6 கிலோ 900. ஓட்டோவும் ஐஸும் 1,200. காய்ந்து கையில் வருவது 10 கிலோ. அவருடைய மனக்கணக்கு இப்படிப் போகும்: 20,100 செலவு, கிலோவுக்கு 2,010, நான் 2,200க்கு விற்கிறேன், கிலோவுக்கு 190 லாபம்.

இதில் இரண்டு விடுபட்டிருக்கின்றன. 250 கிராம் பையாக 40 பை, பையும் லேபலுமாக ஒன்றுக்கு 20 ரூபாய் என்றால் 800. பிறகு உழைப்பு. வெட்டிக் கழுவ, உப்புப் போட, மூன்று நாள் பரப்பிப் புரட்ட, பொதி செய்ய மொத்தம் 14 மணிநேரம். "அக்கா, இதே நேரம் வேற இடத்துக்குக் கூலிக்குப் போனா எவ்வளவு தருவாங்க?" என்று கேளுங்கள். மணிக்கு 200 என்று அவர் சொன்னால் 2,800. இப்போது மொத்தம் 23,700, கிலோவுக்கு 2,370. 2,200க்கு விற்றால் கிலோவுக்கு 170 நட்டம். வேறு மாதிரிச் சொன்னால், 22,000 வரவில் கைக்காசுச் செலவு 20,900 போக 1,100 மிச்சம். 14 மணிநேர உழைப்புக்கு மணிக்கு 80 ரூபாய்கூட விழவில்லை.

இந்த இடத்தில் 'விலையைக் கூட்டுங்கள்' என்று சொல்லிவிடத் தோன்றும். சந்தையில் பக்கத்துக் கடை 2,200க்கு விற்கும்போது அவர் எப்படிக் கூட்டுவார்? எண் எங்கே கசிகிறது என்று பார்ப்பதே முதல் வேலை. பெரும்பாலும் கசிவு காயவைக்கும் முறையில் இருக்கும். ஆகவே தராசை எடுத்துக்கொண்டு அவரோடு ஒரு முழுச் சுற்று உட்காருங்கள்.

குடல், செவுள் எடுத்துக் கீறிக் கழுவிய பின் 30 கிலோ 24 ஆகும். நான்கு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பு. கைப்பிடிக் கணக்கில் போட்டால் சில மீனில் குறையும், அது முள்ளோரம் மணக்கத் தொடங்கும். மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் அடுக்கி மேலே பாரம் வைத்து ஓர் இரவு. காலையில் நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி எடுக்க வேண்டும். மேலே உப்புப் படிந்தபடி காய்ந்தால் வெள்ளை பூத்து வாங்குபவர் முகஞ்சுளிப்பார். மணலில் பரப்பக்கூடாது. இடுப்பளவு உயரத்தில் கம்பு நட்டு, வலை கட்டிய பரண் வேண்டும். காற்று அடியிலும் மேலும் போகும், மணல் ஒட்டாது, நாய் எட்டாது. மேலே பழைய நுளம்பு (கொசு) வலை போட்டால் இலையான் (ஈ) முட்டையிடாது.

முதல் நாள் உச்சி வெயிலில் போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. மேற்தோல் சட்டென்று இறுகிவிடும், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் நிற்கும். வெளியே பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், பத்து நாளில் உள்ளே பூஞ்சணம். முதல் நாள் 11 முதல் 2 வரை ஓலை நிழல் போடுங்கள். நாளுக்கு இரண்டு தடவை புரட்டவேண்டும், மாலையில் உள்ளே எடுக்கவேண்டும். காய்ந்ததா என்பதை விரலால் அழுத்திப் பார்ப்பது அனுபவசாலிக்குச் சரி. நீங்கள் ஒரு மீனின் வாலில் நூல் கட்டி அடையாளம் வைத்து ஒவ்வொரு மாலையும் அதையே நிறுத்து எழுதுங்கள். 400 கிராம், 310, 270, 262 என்று இறங்கி, இரண்டு மாலைக்கிடையில் ஏறக்குறைய ஒன்றாக நின்றால் முடிந்தது. இறக்கியவுடன் பையில் அடைக்கக்கூடாது. சூட்டோடு அடைத்தால் பையின் உட்பக்கம் வியர்க்கும். ஓர் இரவு பரப்பி ஆறவிடுங்கள்.

நான்கு சுற்று இப்படி எழுதிய பின், எந்தச் சுற்றில் எத்தனை கிலோ கழிவானது என்பது கொப்பியில் இருக்கும். கழிவு குறைந்தால் அதே 2,200இல் மணிக்கூலி ஏறும். அதன் பிறகுதான் விலை, பொதி, சந்தை பற்றிய பேச்சு.

தயிர்க்காரரிடமும் இதே கண்ணோடு பாருங்கள். அங்கே கசிவு பெரும்பாலும் சட்டியில். கடைக்குப் போன மண்சட்டி திரும்பி வராது, உடைந்ததை யாரும் எழுதுவதில்லை, சட்டி விலை தயிர் விலைக்குள் சேர்வதில்லை.

பதிவும் அனுமதியும்

தனியாள் தொழிலுக்கு வியாபாரப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில் நடக்கும். அடையாள அட்டைப் பிரதி, ஜீ.எஸ். உறுதிப்படுத்திய படிவம், தொழில் நடக்கும் இடத்துக்கான சான்று ஆகியவை தேவை. மூன்றாவதில்தான் அதிகம் இழுபடும். பலருடைய காணி பெர்மிட் காணி (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது), இல்லாவிட்டால் உறுதிப் பத்திரம் இடம்பெயர்வில் தொலைந்தது, அல்லது தகப்பனார் பெயரில் இருப்பது. வாடகை ஒப்பந்தமோ உரிமையாளரின் சம்மதக் கடிதமோ எடுக்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுத் தயார்செய்யுங்கள். நீங்கள் வரிசையில் நிற்கவேண்டாம். அவரோடு கூடப் போங்கள், பேசுவது அவராக இருக்கட்டும்.

உணவுப் பொருள் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது பீ.எச்.ஐ., வந்து பார்ப்பார். அவரைப் பயப்படவேண்டிய ஆளாக எண்ணி ஒளிக்கும் பழக்கம் உண்டு. நேரே போய் "என்ன திருத்தவேணும், சொல்லுங்கோ சேர்" என்று கேட்டால் பெரும்பாலும் பொறுமையாகச் சொல்வார்கள். கழுவக்கூடிய தரையும் மேசையும், மூடிய குப்பைவாளி, கைகழுவ சவர்க்காரம், படுக்கும் அறையிலிருந்து பிரிந்த வேலையிடம் என்பவையே வழக்கமாகக் கேட்பவை. பிரதேச சபை அல்லது நகர உள்ளூராட்சி மன்றத்தின் வியாபார அனுமதி இதன் பிறகு.

லேபலில் பொருளின் பெயர், சேர்ந்திருப்பவை, நிகர நிறை, செய்த திகதி, முடிவுத் திகதி, தொகுதி இலக்கம், செய்தவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். பெயரை மூன்று மொழியிலும் போட்டால் கந்தளாய், தம்புள்ளைக் கடைக்காரரும் எடுப்பார். சிங்களத்தை இணையத்தில் மொழிபெயர்த்து அச்சிடாதீர்கள், கெம்பசில் சிங்கள மாணவர் ஒருவரிடம் காட்டுங்கள். ஆயிரம் லேபல் அச்சடிக்குமுன் ஒரு நகலை பீ.எச்.ஐ.யிடம் காட்டுவது நல்லது. அடித்த பிறகு ஒரு வரி குறைந்தது தெரிந்தால் அத்தனையும் குப்பை.

கடன் பற்றிப் பேசும்போது

இந்த மாவட்டத்துப் பெண்கள் பலர் கிழமைக் கடனில் இருக்கிறார்கள். குழுவாகப் பிணை நிற்பது, ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் கட்டுவது, வாசலில் வந்து வசூலிப்பது. முதல் மாதத்தில் கடன் எவ்வளவு என்று கேட்காதீர்கள். அவராகச் சொல்லும்போது ஒரு கணக்கை மட்டும் சேர்ந்து போடுங்கள். 50,000 எடுத்து 50 கிழமை 1,250 கட்டினால் மொத்தம் 62,500. "வட்டி 25 வீதம்தான்" என்று சொல்லியிருப்பார்கள். முதல் கிழமையிலிருந்தே கடன் தொகை குறைந்துகொண்டு வருவதால் உண்மையான ஆண்டு வட்டி 47 வீதத்தை ஒட்டி நிற்கும். அவர் கையிலுள்ள தவணைப் புத்தகத்தை வைத்தே இதைச் செய்யலாம். 2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. நிறுவனம் உரிமம் பெற்றதா என்று பார்ப்பது எப்படி என்பதையும் காட்டிவிடுங்கள்.

புதுக் கடனுக்கு நீங்கள் ஊக்கம் கொடுக்காதீர்கள். பரண் கட்ட 8,000 வேண்டும் என்றால் ஊர்ச் சீட்டு ஒன்றில் அவர் முறை எப்போது வருகிறது என்று கேளுங்கள். தேவை பெரிதாக இருந்தால் பிரதேச அபிவிருத்தி வங்கியிலோ மக்கள் வங்கியிலோ ஆறு மாதக் கொப்பியைக் காட்டிக் கேட்கலாம். எழுதிய கொப்பி வைத்திருப்பவரோடு வங்கி உத்தியோகத்தர் பேசும் விதமே வேறு.

உங்கள் சொந்தக் காசைக் கடனாகவோ அன்பளிப்பாகவோ கொடுக்காதீர்கள். இது கடினமான விதி, தெரியும். ஒருவருக்குக் கொடுத்தது அன்று மாலையே பக்கத்து வீட்டுக்குத் தெரியும். அதன் பிறகு எந்த எண்ணும் உங்களுக்கு உண்மையாகச் சொல்லப்படாது. வெளிநாட்டில் நிதி திரட்ட அவர்களின் படத்தைப் போடுவதும் வேண்டாம். படம் எடுப்பதற்கு ஒரு சம்மதம், எங்கே போடுவீர்கள் என்பதற்கு இன்னொரு சம்மதம், இரண்டும் தனித்தனியாகக் கேட்கவேண்டும்.

விற்பனை

சுருக்கமாக: பேஸ்புக் பக்கம் தொடங்குவது எளிது, அதற்குப் பதில் எழுதுவதுதான் தினமும் நடக்கவேண்டிய வேலை. அவருக்குப் பழக்கமான வட்ஸ்அப் போதும். கணக்கை உங்கள் இலக்கத்திலோ உங்கள் மின்னஞ்சலிலோ திறக்காதீர்கள், போகும்போது சாவியும் உங்களோடு போய்விடும். கொழும்புக்கு பஸ்ஸில் பொதி அனுப்புவது நடக்கும், ஆனால் முதல் ஐந்து பொதிக்குக் காசு முன்கூட்டி வாங்கவேண்டும். விடுதிகளுக்கு விற்பவர் என்றால் ஒக்டோபரிலிருந்து விற்பனை விழும் என்பதை ஜூனிலேயே கொப்பியில் எழுதிவைத்து, பருவக் காசில் ஒரு பங்கை ஒதுக்கச் சொல்லுங்கள்.

கடைசி மூன்று கிழமை

புதிதாக ஒன்றும் தொடங்காதீர்கள். முதல் கிழமை நீங்கள் பக்கத்தில் இருங்கள், எதிலும் கைவைக்கவேண்டாம். இரண்டாம் கிழமை போகவே வேண்டாம், சனிக்கிழமை மட்டும் கொப்பியைப் பாருங்கள். எந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறதோ அந்தப் பழக்கம் இன்னும் அவருடையதாகவில்லை. ஒன்றில் அதை எளிதாக்குங்கள், அல்லது துணிந்து நீக்கிவிடுங்கள். மூன்று பகுதி அதிகம் என்றால் கடன் பகுதியையும் வந்த காசுப் பகுதியையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் கிழமை ஒப்படைப்பு. கணக்குகளின் கடவுச்சொற்கள் ஒரு தாளில், அவருடைய அடையாள அட்டை வைத்திருக்கும் இடத்திலேயே. லேபலின் மூலக்கோப்பு அவர் போகும் அச்சகத்தில் ஒன்று, அவர் பிள்ளையின் கைபேசியில் ஒன்று. தராசு உங்களுடையதாக இருந்தால் சங்கத்துக்கு எழுத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள், தனி வீட்டுக்குக் கொடுத்தால் மனத்தாங்கல் வரும். நீங்கள் எழுதிய அறிக்கையில் அவரைப் பற்றிய பகுதியைத் தமிழில் இரண்டு பக்கமாக்கி அவர் முன்னால் வாசித்துக் காட்டுங்கள். "இது வேணாம்" என்று அவர் சொல்லும் வரியை அங்கேயே வெட்டிவிட்டு, பிறகுதான் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பவேண்டும். ஒரு பிரதி ஜீ.எஸ்.ஸிடம், ஒரு பிரதி கெம்பஸ் மேற்பார்வையாளரிடம். அடுத்த வருடம் வரும் மாணவர் அதே வீட்டு வாசலில் அதே கேள்விகளை மறுபடி கேட்காமல் இருப்பதற்கு அந்தப் பிரதி வேண்டும்.